அப்பத்தாவுக்கு அசதி, சத்து மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: எங்க அப்பத்தாவுக்கு 74 வயசு, பள்ளத்தூர் வீட்டுல தனியாத்தான் இருக்காக. பத்து வருஷத்துக்கு மேல சுகருக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு தினமும் கேஸ் மாத்திரை. ஐயா தவறுனதுலேர்ந்து கவுச்சியே தொடுறதில்ல. ஆறு மாசமா ஒரே அசதி, முகப்புலேர்ந்து ரெண்டாங்கட்டுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு தடவ உக்காந்துடுறாக. போன வாரம் ஒரு கால் செருப்பு வாசல்லயே கழண்டு கெடக்கு, அது தெரியாம வளவு வரைக்கும் வந்துட்டாக. சித்தப்பா சிங்கப்பூர்லேர்ந்து மல்டிவைட்டமின், இரும்புச்சத்து, கால்சியம்னு மூணு டப்பா அனுப்பியிருக்காக. மூணையும் கொடுக்கலாமா? - ஒரு பேத்தி, காரைக்குடி.

பதில்: டப்பாவ இப்ப திறக்காதீங்கம்மா. அசதியவிட அந்தச் செருப்பு விஷயம்தான் எனக்குக் கவலையா இருக்கு. கால்ல என்ன இருக்குன்னே தெரியலன்னா நரம்பு பாதிச்சிருக்கலாம், சுகராலயும் வரும், வைட்டமின் பி12 குறைஞ்சாலும் வரும், உங்க அப்பத்தாவுக்கு பி12 குறையறதுக்கு ஒண்ணில்ல மூணு காரணம் இருக்கு. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிட்டா குடல் பி12-ஐ சரியா உறிஞ்சாது. சாப்பாட்டுலேர்ந்து அந்தச் சத்தப் பிரிச்செடுக்க வயித்துல அமிலம் வேணும், கேஸ் மாத்திரை அதக் குறைச்சிடுது. மூணாவது, பி12 இருக்கறது கறி, மீன், முட்டை, பால்லதான், செடி கொடியில இருந்து கிடைக்காது. கவுனி அரிசியும் கும்மாயமும் நல்ல சாப்பாடுதான், ஆனா பி12 அதுல இல்ல. ஈரல்ல சேத்து வச்சது சில வருஷம் ஓடும், அதனால குறையறது வெளிய தெரியவே நாளாகும், வயசாயிடுச்சுன்னு நாமளும் விட்டுடுவோம்.

அப்பத்தாவ நாக்க நீட்டச் சொல்லிப் பாருங்க. சொரசொரப்பு போயி வழவழன்னு செவந்து இருக்கா, காரம் பட்டா எரியுதா, பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கான்னு கேளுங்க. இருந்தாலும் இல்லாட்டாலும் ரத்தம் கொடுத்துடுங்க: சிபிசி (ரத்த அணுக்கள், ஹீமோகுளோபின்), பி12, ஃபெரிட்டின் (உடம்புல இருக்கற இரும்புச் சேமிப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு), கிரியேட்டினின் (சிறுநீரகம்), கூடவே சுகர். மாத்திரைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுக்கணும், ஏன்னா பி12 உள்ள போயிட்டா ரிப்போர்ட்டுல அளவு ஏறித்தான் காட்டும், பழைய குறை தெரியாது. பி12 பார்க்காம ஃபோலிக் ஆசிட் (அதுவும் ஒரு பி வைட்டமின்தான்) மட்டும் தனியா கொடுக்கறது இன்னும் தப்பு, ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், நரம்பு மட்டும் உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே போகும். குறைன்னு தெரிஞ்சா ஊசியா மாத்திரையான்னு டாக்டர் சொல்லுவாரு. அசதி சீக்கிரம் விடும், மரத்துப்போன கால் தேற மாசக்கணக்காகும், ரொம்ப நாள் விட்டிருந்தா முழுசா திரும்பாமலும் போகலாம், அதுக்குத்தான் இந்த அவசரம். மெட்ஃபார்மின நீங்களா நிறுத்தாதீங்க.

இரும்பு டப்பா விஷயம். பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ போனா ரத்தசோகை. ஆனா இந்த வயசுல இரும்பு குறைஞ்சா எங்கயோ ரத்தம் கசியுதான்னு பார்க்கணும், மூலமா இருக்கலாம், வயித்துப்புண்ணா இருக்கலாம், குடல்ல கட்டியாக்கூட இருக்கலாம். காரணம் பார்க்காம மாத்திரையக் கொடுத்து நம்பர ஏத்திட்டா கட்டி இருந்தா அது தெரியாமலே வளரும். டாக்டர் கொடுக்கச் சொன்னா எலுமிச்சம்பழத் தண்ணியோட கொடுங்க, டீ காப்பியோட வேணாம், கால்சியத்தோட சேத்தும் வேணாம்.

சித்தப்பாகிட்ட கோச்சுக்காதீங்க, தூரத்துல இருக்கறவுக பாசத்த டப்பாவுலதானே அனுப்ப முடியும். மூணு லேபிளையும் போட்டோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: எனக்கு 66 வயசு. காலைல எந்திரிச்சதும் தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் காப்பியோடவே போட்டுக்கறேன். ஆனாலும் அசதி போகல, டோஸ கூட்டணுமா? - ஒரு வாசகி, தேவகோட்டை.

பதில்: கூட்டறதுக்கு முன்னாடி நேரத்த மாத்துங்க ஆச்சி. தைராய்டு மாத்திரைய வெறும் வயித்துல தண்ணியோட மட்டும் போடுங்க, அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் கழிச்சு காப்பி. கால்சியமோ இரும்போ நாலு மணி நேரம் தள்ளி, மதியச் சாப்பாட்டோட வச்சுக்கலாம். சேத்துப் போட்டா தைராய்டு மாத்திரை சரியா உடம்புல ஏறாது. ஆறு வாரம் இப்படிப் போட்டுட்டு டிஎஸ்ஹெச் பாருங்க, டோஸ் பத்தி அப்புறம் உங்க டாக்டர்கிட்ட பேசலாம்.