சோபாக் கட்டிலில் யார் படுப்பது?

கேள்வி: ஒஸ்லோவில் இருக்கிறோம். ஆண்டின் எட்டாம் வாரத்தில் வரும் மாரிகாலப் பள்ளி விடுமுறைக்கு ட்றிசில் சறுக்குமலையில் ஆறு பேர் தங்கும் மலைவீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நான், மனைவி, 9, 6, 3 வயதில் மூன்று பிள்ளைகள். லிப்டில் ஏறி மலைச்சரிவில் சறுக்குவது எல்லோருக்கும் இதுதான் முதல் தடவை. அம்மாவும் வருவார், 71 வயது, முழங்கால் நோ. அவருக்கு வெளியில் வேலை இல்லைத்தானே, சமையலையும் சின்னவனையும் பார்த்துக்கொள்வார். வரவேற்பறைச் சோபாக் கட்டில் அவருக்குப் போதும். சறுக்குச் சாமான்களை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? வேறென்ன கவனிக்க வேண்டும்?
– ஒரு தந்தை, ஒஸ்லோ

பதில்: வாடகைக்கு எடுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன்.

"போதும்" என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, யார் சொன்னது? அம்மாவா, நீங்களா? அவரிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

அந்தச் சோபா எங்கே கிடக்கும் என்று வீட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவில். பின்னேரம் ஐந்து சோடி சறுக்குச் சப்பாத்துகளின் உள்ளுறைகளைக் கழற்றிக் காயவைப்பதும் அங்கேதான். பிள்ளைகள் அடங்கும்வரை அம்மாவால் கட்டிலை விரிக்க முடியாது. நீங்கள் தொலைக்காட்சியை நிறுத்தும்வரை கண்ணயர முடியாது. விடிய முதலில் எழும்பி அதை மடிக்க வேண்டியவரும் அவர்தான், இல்லாவிட்டால் உங்களுக்குத் தேத்தண்ணி குடிக்க இடமிருக்காது. தாழ்ந்த கட்டில், கையூன்றி எழும்பப் பிடிமானம் இல்லை. முழங்கால் நோ என்று எழுதிய அதே கைதானே அடுத்த வரியில் இதையும் எழுதியது?

பேரப்பிள்ளையைப் பார்ப்பது அப்பம்மாவுக்கு ஆசையாக இருக்கலாம். ஆசை என்றால் அது அவராகத் தருவது. விடுமுறைக்கு என்று கூட்டிப்போய் ஒரு வாரம் அடுப்படியில் நிறுத்துவதற்குப் பெயர் வேறு.

மலைவீடு எடுக்கும்போது படுக்கைகளை எண்ணாதீர்கள், கதவுள்ள அறைகளை எண்ணுங்கள். ஆறு படுக்கை என்று போட்டிருந்தால், இரண்டு அறையும் ஒரு சோபாவும் என்றிருக்கலாம். ஏணி வைத்த பரணையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள். மூன்று அறை உள்ளதாகத் தேடுங்கள். குளியலறை இருக்கும் தளத்திலுள்ள அறை அம்மாவுக்கு. அதற்குக் காசு கட்டாது என்றால் சோபாவில் நீங்களும் மனைவியும் படுங்கள். கட்டில் விரிப்பும் துவாயும் வாடகையில் அடங்குமா, கடைசி நாள் துப்புரவு யார் பொறுப்பு என்றும் கேட்டுவிடுங்கள். அதுவும் அம்மாவின் தலையில் விழுந்துவிடக் கூடாது.

இடமும் முக்கியம். ட்றிசில் மலை உருண்டையானது, சறுக்குத் தடங்கள் பல பக்கமாக இறங்குகின்றன. பிள்ளைகளின் சறுக்குப் பள்ளி தூரிஸ்ட்சென்டர் பக்கமும் வீடு ஹோய்ஃபியெல்சென்டர் பக்கமும் அமைந்தால், தினமும் காலையில் மூன்று பிள்ளைகளையும் சாமான்களையும் காரில் ஏற்றி இறக்கியே களைத்துப்போவீர்கள். பள்ளியில் இடத்தைப் பிடித்துவிட்டு, அந்தப் பக்கமாகவே வீட்டைப் பாருங்கள். எட்டாம் வாரம் ஒஸ்லோவே மலையேறும் வாரம், பள்ளி இடங்கள் வேளைக்கே நிரம்பிவிடும்.

ஒன்பதும் ஆறும் பள்ளியில் இருக்கும் நேரம் ஒருநாள் நீங்கள் சறுக்குங்கள், மனைவி சின்னவனோடு. மறுநாள் மாற்றுங்கள். முதல் தடவை சறுக்குபவருக்கு மூன்று மணித்தியாலத்தில் தொடை நடுங்கத் தொடங்கிவிடும், ஆகவே முழுநாள் கணக்கு உங்களுக்கு வேண்டாம். கறிகளை ஒஸ்லோவிலேயே வைத்து, உறையவிட்டு, ஐந்து இரவுக்கு ஐந்து பெட்டியாகக் கொண்டுபோங்கள். அங்கே சோறு வடிப்பது உங்கள் வேலை.

சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சப்பாத்துக்குள் ஒரே ஒரு மெல்லிய கம்பளிக் காலுறை. குளிருமென்று இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு விரல் இன்னும் குளிரும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விலக வேண்டும். பிள்ளையின் சறுக்குப் பலகை நாடியளவு உயரம் போதும். கடையில் எடையைக் குறைத்தோ திறமையைக் கூட்டியோ சொல்லாதீர்கள்: விழும்போது பலகை காலிலிருந்து கழலும் இறுக்கத்தை அதை வைத்துத்தான் பூட்டுவார்கள். இறுக்கம் பிழைத்தால் முறிவது கால். உள்ளாடை கம்பளியாக இருக்கட்டும், பருத்தி வியர்வையைக் குடித்து உடம்பைக் குளிரவைக்கும். கால்களுக்கிடையில் ஒரு வட்டத் தட்டை வைத்து மேலே இழுபடும் தட்டு லிப்டில், அந்தத் தட்டின் மேல் உட்காரப் பார்த்துத்தான் புதியவர்கள் விழுகிறார்கள். அது இருக்கை அல்ல, நின்றபடியே இழுபட்டுப் போக வேண்டும். முதல் இரண்டு நாள் மிக எளிதான பச்சைக் குறித் தடத்தை விட்டு அசையாதீர்கள். தலைக்கவசம் போட்டால் ஆறு வயது வரை லிப்டுக்குக் காசில்லை, ஆகவே உங்கள் இளையவர்கள் இருவருக்கும் அந்தச் செலவு மிச்சம். அந்தக் காசு மூன்றாவது அறைக்கு உதவும்.

கார் மின்சாரத்தில் ஓடுவதென்றால், கடுங்குளிரில் ஓடும் தூரம் நன்றாகக் குறையும். கொலொமுவெனில் E6 நெடுஞ்சாலையை விட்டு எல்வெரூம் வழியாகப் போகையில், மின்னேற்ற வரிசையில் நிற்கும் நேரத்தையும் பயணத்தில் சேருங்கள்.

"அவருக்கு வெளியில் வேலை இல்லை" என்றீர்களே, அதற்கும் ஒரு சொல். நோர்வேயில் வயதானவர்கள் பனிக்காலத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதில்லை. 'ஸ்பார்க்' என்று ஒன்றைக் கண்டிருப்பீர்கள்: இரண்டு நீண்ட இரும்புச் சறுக்குகள், முன்னால் ஒரு நாற்காலி, பின்னால் கைபிடி. முழங்கால் நோவுள்ளவர் உட்காரலாம், நீங்கள் பின்னால் நின்று ஒரு காலால் உந்தலாம். இறுகிய பனியில் வழுக்கிக்கொண்டு போகும், புதுப்பனியில் புதையும், சரளை தூவிய தெருவில் உராய்ந்து நின்றுவிடும். ஆகவே பாதையைப் பார்த்து ஓட்டுங்கள், இறக்கத்தில் அவரை இருத்திக்கொண்டு போகாதீர்கள். அம்மாவின் சப்பாத்துக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல்லை ஒஸ்லோவிலேயே வாங்கிவிடுங்கள், வழுக்கி விழுவது வீட்டு வாசற்படியில்தான்.

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் கேளுங்கள், மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "வரேல்லை" என்றால் வற்புறுத்த வேண்டாம். அந்த வாரம் ஒஸ்லோவில் அவருக்கு யார் துணை என்று நீங்களே ஒழுங்குபண்ணிவிட்டுப் புறப்படுங்கள். "வாறன்" என்றால், ஸ்பார்க் வாடகைக்குக் கிடைக்குமா என்று வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் மடிக்கக்கூடிய வகையும் உண்டு, காரில் ஏற்றலாம்.