விடுதிக்குப் புறப்படும் முன்: கேள்விகளும் பதில்களும்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியின் மகளிர் விடுதியில் பதினேழு ஆண்டுகள் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம், கோரிமேட்டு ஜிப்மர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கடலூர் வட்டாரக் கல்லூரிகள் ஆகியவற்றின் விடுதிகளில் இந்த ஆண்டு சேரவிருக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கட்டணமும் வாயில் மூடும் நேரமும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், அவற்றை அந்தந்த விடுதி அலுவலகத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் மகள் முதன்முறையாக வீட்டை விட்டுத் தங்கப் போகிறாள். உறவினர்கள் ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். மெத்தை, வாளி, பாத்திரம் எல்லாம் இங்கிருந்தே வாங்கிச் செல்ல வேண்டுமா? (ஒரு தாய், நெய்வேலி)

வேண்டாம் அம்மா. கட்டிலின் அகலத்தையும் அலமாரியின் ஆழத்தையும் பார்க்காமல் வாங்கிய மெத்தையும் பெட்டியும் முதல் நாளே திரும்பி ஊருக்குப் போனதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கொண்டு வந்து, அறையைப் பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள். வாளி, குவளை, துணிக்கொடி, பாய், தலையணை அனைத்தும் புதுச்சேரி நேரு வீதிப் பெரிய மார்க்கெட்டிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதியில் கூடும் சந்தையிலும் கிடைக்கும்.

வீட்டிலிருந்தே கட்டாயம் வர வேண்டியவை சில உண்டு. அறைக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று என இரண்டு பித்தளைப் பூட்டுகள் வேண்டும். உப்புக்காற்றில் இரும்புப் பூட்டு ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்து இறுகிவிடும். கொசுவலை, டார்ச் விளக்கு, இரண்டு பருத்திப் போர்வைகள், இருபது பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், சான்றிதழ்களின் நகல்கள் ஆகியவையும் தேவை. அசல் சான்றிதழ்களை அலுவலகத்தில் ஒப்படைத்தால் எழுத்து வடிவில் ஒப்புகை பெறுங்கள். ஒப்படைக்கத் தேவையில்லை என்றால் அவை வீட்டில் இருக்கட்டும், அறையில் வேண்டாம்.

தங்க நகை எதுவும் கொடுத்தனுப்பாதீர்கள். ஓராண்டு ஒரு மாணவியின் அரை சவரன் கம்மல் காணாமல் போயிற்று. அதைவிட, அந்தத் தளத்தில் இருந்த இருபது பெண்கள் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டே அந்தப் பருவம் முழுவதையும் கழித்ததுதான் எனக்கு இன்றும் வருத்தம். கம்மல் பின்னர் துவைக்கப் போட்ட துணிக்குள்ளேயே கிடைத்தது.

என் அறையில் ஒருவர் கேரளத்தவர், இன்னொருவர் ஒடிசாவைச் சேர்ந்தவர் என்று தெரிகிறது. அவர்களோடு எப்படிப் பழகுவது? ஒத்து வராவிட்டால் அறையை மாற்றித் தருவார்களா? (மாணவி, விருத்தாசலம்)

மத்தியப் பல்கலைக்கழகத்தில் எல்லா மாநிலத்தவரும் சேர்வதால் காலாப்பட்டில் இது இயல்பானது. மொழி வேறாக இருப்பதால் சண்டை வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. விளக்கை எப்போது அணைப்பது, அலாரம் எத்தனை முறை அடிப்பது, இரவு கைப்பேசியில் எங்கே நின்று பேசுவது, யார் கூட்டுவது, யாருடைய தோழி எவ்வளவு நேரம் கட்டிலில் உட்கார்ந்திருப்பது என்பவற்றில்தான் வரும். இவற்றைக் குறித்து முதல் வாரத்திலேயே, யாருக்கும் யார் மீதும் கோபம் இல்லாதபோதே, மூவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கோபம் வந்த பிறகு அதே சொற்கள் குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

விடுதி வாழ்க்கையில் நான் கண்ட கேடுகளில் பெரும்பாலானவை சொல்லாமல் இருந்ததால் வந்தவை. விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம் வைத்துவிட்டு எழாமல் தூங்கும் ஒரு பெண்ணோடு நான்கு மாதம் பேசாமலே பொறுத்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, ஐந்தாம் மாதம் அவள் கடிகாரத்தை எடுத்துச் சுவரில் எறிந்தாள். "தெரிந்திருந்தால் வைத்தே இருக்கமாட்டேனே" என்று கடிகாரக்காரி அழுதது உண்மையான அழுகை.

அறை மாற்றம் பெரும்பாலான விடுதிகளில் சேர்க்கை முழுவதும் முடிந்த பிறகே கிடைக்கும். அதற்குள் பாதி மனத்தாங்கல் தானாகவே தீர்ந்துவிடுகிறது. ஆனால் உங்கள் சாதியையோ மதத்தையோ உணவையோ இழிவாகப் பேசினாலும், போதைப் பொருளை அறைக்குள் கொண்டு வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அன்றே காப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

மகனுக்கு மெஸ் சாப்பாடு பிடிக்காது என்பதால் சிறிய இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று வாங்கித் தரலாம் என்று நினைக்கிறேன். விடுதியில் ஏன் தடுக்கிறார்கள்? (ஒரு தந்தை, பண்ருட்டி)

அறையில் இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் பிளக்கு. 230 வோல்ட்டில் அது தாங்கக்கூடியது ஏறத்தாழ 1,380 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை, அதாவது 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதே கம்பியில் நான்கு அறைகள் இருந்தால் சுவருக்குள் இருக்கும் வயர் சூடேறி உருகும். எங்கள் விடுதியில் ஒரு முறை வாளியில் போட்டு மறந்த வாட்டர் ஹீட்டர் கம்பியால் ஒரு பெண்ணின் கை சுட்டுக் கொப்பளித்தது. அடுப்பை வாங்காதீர்கள் ஐயா. ஊறுகாய், பருப்புப் பொடி, கொஞ்சம் முந்திரி கொடுத்தனுப்புங்கள். பண்ருட்டிக்காரருக்கு முந்திரியை நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போவது நான்தான். மெஸ் கட்டணம் மாதாமாதம் மாறும் என்கிறார்கள். எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அவ்வளவு பணம் எங்களால் முடியுமா என்று அப்பா பயப்படுகிறார். (மாணவர், திட்டக்குடி)

தம்பி, பெரும்பாலான விடுதிகளில் டிவைடிங் முறை நடக்கிறது. ஒரு மாதத்தின் மொத்தச் செலவை, எல்லா மாணவர்களும் உண்டதாகப் பதிவான நாள்களின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். எடுத்துக்காட்டாக, 200 பேர் 30 நாள் உண்டால் 6,000 நாள்கள். செலவு ஆறு லட்சம் என்றால் ஒரு நாளுக்கு நூறு ரூபாய். ஊருக்குப் போகும் நாள்களைக் கழிக்கும் மெஸ் ரிடக்‌ஷனைப் பெற, போவதற்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தொடர்ந்து இத்தனை நாளாவது இல்லாதிருக்க வேண்டும் என்ற விதியும் வழக்கமாக இருக்கும். சொல்லாமல் ஊருக்குப் போனவர்கள் சாப்பிடாத சோற்றுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கத் தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் விடுதியில் தங்குவோருக்குப் பராமரிப்புத் தொகை கூடுதலாக உண்டு. அதற்கு விடுதியில் தங்கியிருப்பதற்கான சான்றும், உங்கள் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும் வேண்டும். சேர்ந்த வாரமே இரண்டையும் முடித்துவிடுங்கள். ரயிலில் சொந்த ஊருக்குப் போக மாணவர் சலுகை உண்டு. அதற்கான படிவத்தைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டச் சில நாள் தாமதமாகும் என்றால் கடைசித் தேதிக்கு முன்பே காப்பாளரிடம் போய்ச் சொல்லுங்கள். முன்கூட்டி வந்து சொன்ன எந்தப் பிள்ளையையும் நான் அபராதம் கட்டச் சொன்னதில்லை.

இரவு பதினோரு மணிக்கு மேல் சீனியர்கள் தங்கள் அறைக்கு வரச் சொல்கிறார்கள். ரெக்கார்டு நோட்டு எழுதித் தரச் சொல்கிறார்கள். இது அறிமுகம்தான் என்கிறார்கள். புகார் கொடுத்தால் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (மாணவர், காரைக்கால்)

இது அறிமுகம் அன்று, ராகிங். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள், புதிய மாணவரைக் கொண்டு தம் பாடவேலைகளைச் செய்விப்பதையும் கட்டாயமாகச் செலவு செய்ய வைப்பதையும் ராகிங் என்றே வரையறுக்கின்றன. நீங்களும் உங்கள் பெற்றோரும் சேர்க்கையின்போது கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரமும் அந்த விதிகளின்படி வந்ததுதான். இரவும் பகலும் இயங்கும் கட்டணமில்லா எண் 1800 180 5522. அதில் பேசலாம், காப்பாளரிடம் எழுத்தில் தரலாம், வாய்மொழியாக மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். தேதி, நேரம், அறை எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

நான் இதில் கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1996இல் சிதம்பரத்தில் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவர் விடுதியில் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அப்போது நானும் இளம் ஆசிரியை. ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பருவத்துக்குள் மறைந்துவிடும் தம்பி. இன்றே சொல்லுங்கள், முடிந்தால் உங்களைப் போலவே அழைக்கப்பட்ட இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு சொல்லுங்கள்.

விடுதியில் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? (ஒரு தாய், கடலூர் முதுநகர்)

முதலில் யாருக்காவது தெரிய வேண்டும் அம்மா. அறைத்தோழிகள் வகுப்புக்குப் போன பிறகு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மாலை வரை தனியே கிடக்கும் பிள்ளைதான் எனக்குப் பெரிய கவலை. காய்ச்சல் என்றால் காலையிலேயே காப்பாளரிடம் சொல்லும்படி மகளைப் பழக்குங்கள்.

டெங்குக் கொசு பகலில் கடிக்கும். தேங்கிய நல்ல நீரில் அது இடும் முட்டை ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கத் தொடங்கும். ஆகவே அறையில் நீர் நிரப்பி வைக்கும் வாளியை வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்கும் வரை பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் தொடக் கூடாது. டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் ஆபத்தான கட்டம் வரும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம் இவற்றில் ஏதேனும் தெரிந்தால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கள் விடுதியிலிருந்து கடற்கரை நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது. மாலையில் குளிக்கப் போகலாமா? எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். (மாணவர், கள்ளக்குறிச்சி)

கிணற்றிலும் ஏரியிலும் கற்ற நீச்சல் இந்தக் கடலுக்குப் போதாது தம்பி. அலைகள் கொண்டு வந்து கொட்டும் நீர், பல நேரம் ஏதாவது ஒரு குறுகிய தடத்தின் வழியாக வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அந்தத் தடத்தில் அலை உடைவது குறைவு என்பதால், இருபுறமும் நுரை பொங்கும்போது நடுவில் அமைதியாகத் தெரியும் இடமே குளிக்கத் தகுந்த இடம் என்று தோன்றும். அங்கேதான் கடல் உள்ளே இழுக்கும். இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தத் தடத்தை விட்டு வெளியேறிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்த முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். நண்பனைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்தே போகிறார். கயிற்றையோ காலிக் கேனையோ வீசுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

கணுக்கால் நனைய நின்று வேடிக்கை பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளையின் பெட்டியைக் கட்டி அப்பா கையில் கொடுக்கும் வேலையை நான் ஒரு முறை செய்திருக்கிறேன்.

அக்டோபரில் மழை தொடங்கினால் விடுதியில் என்ன தயாராக வைத்திருக்க வேண்டும்? (மாணவி, நெல்லிக்குப்பம்)

டார்ச், நிரப்பிய குடிநீர், பவர் பேங்க், மூன்று நாளுக்கான பிஸ்கட். 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையிலேயே கடந்தன. தானேவின்போது எங்கள் விடுதியில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. புயல் அறிவிப்பு வந்ததும் ஊருக்குப் போவதாக இருந்தால் முதல் நாளே போய்விடுங்கள். போவதை வெளியேறும் பதிவேட்டில் எழுதுங்கள். எழுதாமல் போன இரண்டு பெண்களைத் தேடி மழையில் ஒரு இரவு முழுவதும் நான் அலைந்திருக்கிறேன்.

மகள் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. தினமும் மூன்று முறை தொலைபேசியில் அழுகிறாள். இருபத்திரண்டு கிலோமீட்டர்தானே, வாராவாரம் கூட்டி வந்துவிடலாமா? (ஒரு தாய், கடலூர்)

முதல் மாதத்தில் அழாத பிள்ளைகள் குறைவு. வாராவாரம் வந்து போனால் ஞாயிறு இரவுப் பிரிவு ஒவ்வொரு வாரமும் புதிதாக நடக்கும். சனி, ஞாயிறுகளில்தான் விடுதியில் தோழமை கூடும், அதையும் அவள் இழப்பாள். இரண்டு வாரம் இருக்கட்டும், மூன்றாம் வாரம் கூட்டிச் செல்லுங்கள். மூன்று அழைப்பை ஒன்றாக்கி, இரவு உணவுக்குப் பிறகு என்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள். "சாப்பிட்டாயா" என்று மட்டும் கேட்காமல், இன்று யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.

ஆனால் மாதம் கடந்தும் தூக்கமில்லை, உணவில்லை, வகுப்புக்குப் போவதில்லை என்றால் அது வெறும் வீட்டு ஏக்கம் அன்று. மனநல ஆலோசனைக்கான அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்து எந்நேரமும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்று ஒரு சொல் சொன்னாலும் விடியும் வரை காத்திராமல் காப்பாளரை எழுப்புங்கள். இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. உங்கள் மகளின் காப்பாளர் எண் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக் காலை அலுவலகத்தை அழைத்து வாங்கிவிடுங்கள்.