வியட்நாமில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறேன்; அங்குள்ள மனப்பாட முறையை எப்படி மாற்றுவது?

கடலூரில் ஆங்கில இலக்கியம் படித்து முடித்து, கற்பித்தல் பயிற்சிச் சான்றிதழும் பெற்ற நீங்கள், வியட்நாம் மாணவர்களின் மனப்பாடப் பழக்கத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மாற்ற முயலாதீர்கள். அதையே உங்கள் பாடத்துக்கு அடித்தளமாகக் கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையைச் சேர்ந்தவன். எங்கள் பெரியவர்கள் சைகோன் என்று சொல்லிப் பழகிய ஹோ சி மின் நகரில், ஒரு மொழி மையத்தில் ஆங்கிலம் கற்பித்துவிட்டுத் திரும்பி, இப்போது உங்கள் கடலூரிலேயே, மஞ்சக்குப்பத்தில், மாலை வகுப்புகள் நடத்துகிறேன். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரித் தமிழர் பலர் அரசுப் பணியாளர்களாக அந்நகரில் வாழ்ந்தார்கள்; அங்குள்ள மாரியம்மன் கோவிலுக்கு இன்றும் வியட்நாமியர் திரளாக வருகிறார்கள். ஆகவே முற்றிலும் அந்நியமான ஊருக்குப் போகிறோம் என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

வேலைக்கான தகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டம், கற்பித்தல் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவப் பரிசோதனை ஆகியவை பணி அனுமதிக்குத் தேவைப்படும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவர் அல்லர் என்பதால் உங்களிடம் கூடுதலாக மொழித்திறன் சான்றும் கேட்கக்கூடும். தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா பெரும்பாலும் 7 நாட்டவருக்கே உரியதாக இருப்பதை நோக்க, வியட்நாமைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு.

இனி, அங்குள்ளவர்கள் கற்கும் முறை. வகுப்பு முழுவதும் ஆசிரியரைத் தொடர்ந்து ஒரே குரலில் சொல்லும். இலக்கண விதிகளைக் கணிதச் சூத்திரம் போல, எழுவாய்க்கு ஓர் எழுத்து, வினைக்கு ஓர் எழுத்து, நடுவில் கூட்டல் குறி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். புதிய சொல்லுக்குக் கீழே அதன் ஒலிப்பைத் தங்கள் மொழி எழுத்துகளிலேயே குறித்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகள் ஆங்கில வாக்கியத்துக்குக் கீழே தமிழில் எழுதிவைத்துப் படிப்பதும் இதே முறைதான். நம் எழுத்து முறையில் பகரத்தின் வல்லொலிக்கும் (p) மெல்லொலிக்கும் (b) ஒரே எழுத்து இருப்பதால் நமக்கு ஒருவகைத் தடுமாற்றம் நேர்கிறது. அவர்களுக்கோ, தங்கள் மொழியே ரோமன் எழுத்தில் எழுதப்படுவதால், ஆங்கில எழுத்தைக் கண்டவுடன் வியட்நாமிய ஒலி நாவில் வந்துவிடுகிறது.

வியட்நாமியச் சொற்களின் இறுதியில் வரக்கூடிய மெய்யொலிகள் மிகச் சிலவே. அதனால் நைஸ், நைன், நைட், நைஃப் ஆகிய நான்கும் தொடக்க நிலை மாணவரின் வாயில் ஏறக்குறைய ஒரே சொல்லாகிவிடும். அவர்களுடைய மொழியில் காலத்துக்கும், தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடத்துக்கும் ஏற்ப வினைச்சொல் மாறுவதும் இல்லை. நேற்று என்று சேர்த்துச் சொன்னால் இறந்தகாலம் விளங்கிவிடும். ஆகவே ஆங்கில வினையின் முடிவில் வரும் ஒரு ஸகர ஒலி அவர்களுக்கு இலக்கணத்தாலும் புதியது, ஒலியாலும் புதியது. தேர்வுத்தாளில் அந்த விதியைப் பிழையின்றி எழுதும் மாணவி, பேசும்போது அதை விட்டுவிடுவது இதனால்தான். அவளுடைய மனப்பாடம் அவளைக் கைவிடவில்லை. நாவுக்குப் போதிய பழக்கம் கிடைக்கவில்லை, அவ்வளவே. நாம் இறுதி மெய்யோடு உகரம் சேர்த்து நீட்டுகிறோம், அவர்கள் அதை விழுங்கிவிடுகிறார்கள். தன் தாய்மொழியின் தடத்தை ஆங்கிலத்தில் உணர்ந்து திருத்திக்கொண்ட தமிழ் ஆசிரியருக்கு இதைப் பொறுமையாக விளக்கும் தகுதி நிச்சயமாக உண்டு.

இதற்கு மிகவும் உதவியது, அவர்களுடைய தொடக்கப் பள்ளிகளில் தாய்மொழிக்கே நடத்தப்படும் சொல்வதெழுதுதல் பயிற்சிதான். வினையின் முடிவில் மட்டும் வேறுபடும் மூன்று வாக்கியங்களைச் சொல்லி எழுதச் செய்யுங்கள். பிறகு மாணவர்களில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் எழுதட்டும். சொல்பவர் இறுதி ஒலியை விழுங்கினால் எழுதுபவர்களின் தாளில் அது உடனே தெரிந்துவிடும். திருத்த நீங்கள் குறுக்கிட வேண்டியதே இல்லை.

பயிற்சியில் உங்களுக்குக் குழு உரையாடலையே சிறந்த வழியாகக் கற்பித்திருப்பார்கள். 40 பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில், ஒருவருக்கொருவர் அரைகுறை ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதால் விளையும் பயன் குறைவு என்பது என் கருத்து. ஒரு வேலையைச் செய்யவைத்து அதன் வழியே மொழியைக் கற்பிப்பதுதான் இன்று உலகெங்கும் பேசப்படும் பணிவழிக் கற்பித்தல். அதற்கு முன்னோடியான ஒரு திட்டம், 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு வழிநடத்திய அந்தத் திட்டத்தின் வகுப்புகள் பெங்களூரிலும் சென்னையிலும் மட்டுமல்ல, நம் கடலூரிலும் நடந்தன என்பதை நம் ஊரில் பலர் அறிந்திருக்கவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். இலக்கணத்தை நேரடியாகக் கற்பிக்காமல், கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, தெரிந்ததிலிருந்து தெரியாததை ஊகிக்கச் செய்தார்கள். குழுக்களாகப் பிரிக்கவில்லை, ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதோடும் சேர்ந்து அத்தகைய ஒரு பணியைச் செய்து முடிப்பார், அதே போன்ற இன்னொன்றை மாணவர்கள் தனித்தனியே செய்வார்கள். எல்லா வகுப்புக்கும் பொருந்தும் ஒரே சிறந்த முறை இல்லை என்று பிரபுவே பின்னாளில் வாதிட்டார்.

இந்த அமைப்பு வியட்நாம் வகுப்புக்கு இயல்பாகப் பொருந்துகிறது. சைகோனிலிருந்து நாட்ராங் செல்லும் ரயில்களின் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, நண்பகலுக்கு முன் போய்ச் சேர எந்த ரயிலில் ஏற வேண்டும், ஏன் என்று கேளுங்கள். விடைக்கான வாக்கியத்தை வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லட்டும். ஆனால் விடையை ஒவ்வொருவரும் தாமே சிந்தித்துக் கண்டுபிடிக்கட்டும். அவர்களுக்குப் பழகிய பாடம் சொல்லும் முறை அப்படியே இருக்கும். அதற்குள் சிந்தனை நுழைந்துவிடும்.

அங்கே போய்ச் சேர்ந்ததும், முதல் வகுப்புக்கு முன்பாகவே மாணவர்களின் பள்ளிப் பாடநூலையும் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். முடிந்தால் உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் அனுமதி பெற்றுப் பின்வரிசையில் அமருங்கள். மாணவர்கள் உங்கள் வயதைக் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். வயதறிந்து உறவுமுறை சொல்லி அழைப்பது நம்மைப் போலவே அவர்களுக்கும் மரியாதை.