வரிகளே இல்லாத கிற்றார் அல்பத்தை எப்படி இரசிப்பது?

பாடகர் இல்லாத சேர்ஃப் றொக் (கடலலைச் சறுக்கு விளையாட்டோடு சேர்ந்து வளர்ந்த கிற்றார் இசை) இரண்டு பாட்டிலேயே சலித்துவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். திருகோணமலைக் கோணேசர் கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தை மணிக்கணக்காகக் கேட்கிறோமே, அங்கே வரி ஏது? அதே காது இங்கேயும் போதும்.

கிற்றார் கலைஞர் டிக் டேலின் 'மிசிர்லூ'வில் தொடங்குங்கள். 1962இல் வந்தது, மெட்டு அதைவிடப் பழையது, கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்தது. டேலின் தந்தைவழி லெபனான். அந்த மெட்டின் சுரங்கள் நம் மாயாமாளவகௌளை இராகத்தின் சுரங்களேதான்! சரளி வரிசை படித்தவருக்கு உடனே பிடிபடும். ஒரே தந்தியை மேலும் கீழுமாக அதிவேகமாக மீட்டிக்கொண்டே போவார். மார்கழியில் உப்புவெளிக் கடல் அடித்துக்கொண்டே இருக்குமே, எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

சேர்ஃப் இசையின் அந்த ஈரமான எதிரொலி றிவேர்ப் பெட்டியில் பிறக்கிறது. உள்ளே சுருள்கம்பிகள் இருக்கும். கிற்றாரின் ஒலி அவற்றை அதிரவைத்து, சற்றுப் பிந்தித் திரும்பி வந்து மூல ஒலியோடு கலக்கும். போன் ஸ்பீக்கரில் இது பாதி காணாமல் போய்விடும், தயவுசெய்து ஹெட்போன் போடுங்கள்.

அப்புறம் தி வென்சர்ஸ் குழுவின் 1960ஆம் ஆண்டு 'வோக், டோன்ட் றன்'. முதல் தடவை மெட்டை மட்டும் கேளுங்கள், அடுத்த தடவை பேஸ் கிற்றாரை மட்டும். சரி, முழு அல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். மாலையில் டச்சுக்குடாவில் நடக்கும்போது நாலு பாட்டு போதும்.