சிங்கப்பூரில் ஸ்டூடியோ வைக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரில் மாமாவின் ஸ்டூடியோவில் தொழில் கற்றவர் நீங்கள். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன. சனி, ஞாயிறுகளில் கல்யாணப் படம் எடுத்து அதையே தொழிலாக வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் அதே தொழில் செய்யும் நான் ஒரு கல்யாணத்தைப் படமெடுக்கக் காரைக்குடிக்கு வந்திருக்கிறேன். இங்கிருந்தே பதில் எழுதுகிறேன்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது வேண்டாம். உங்கள் வேலை அனுமதி யார் பெயரில் இருக்கிறதோ அந்த முதலாளியிடம் மட்டும்தான் நீங்கள் வேலை செய்யலாம். நண்பர் வீட்டு விசேஷம்தானே, கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம் என்று போனாலும் சட்டப்படி அது வேலைதான். அனுமதி பறிபோனால், உங்களை நம்பி ஊரில் இருப்பவர்களின் பிழைப்பும் சேர்ந்து போகும். நான் நிரந்தரவாசி ஆன பிறகுதான் தொழிலைப் பதிவு செய்தேன். பதிவு ஒன்றும் மலையில்லை: தனி உரிமையாளர் என்றால் தொழிற்பெயரைப் பதிய 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி, எல்லாம் இணையத்திலேயே முடிந்துவிடும். அந்த இடத்துக்கு வரும்வரை கேமராவை மூட்டைகட்டி வைக்காதீர்கள். கோவிலை, கடைத்தெருவை, மழையை உங்களுக்காக எடுத்துக்கொண்டே இருங்கள்.

அடுத்து, தொழில் நடக்கும் விதம். நம் பக்கத்தில் ஸ்டூடியோக்காரர் பாதி வீட்டு மனிதர். ஐயாவின் சஷ்டியப்தபூர்த்திக்கு எடுத்தவரே பேரன் கல்யாணத்துக்கும் வருவார். விலை வாய்ப்பேச்சில் முடியும், ஆல்பம் ஆற அமர வரும், பாக்கி பொங்கலுக்குக் கைக்கு வரும். சிங்கப்பூரில் உங்களைத் தெரியாதவர்கள்தான் உங்களைத் தேடி வருவார்கள். எத்தனை மணி நேரம், எத்தனை படம், எந்தத் தேதிக்குள் கிடைக்கும், நேரம் கூடினால் எவ்வளவு, கல்யாணம் தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும் என்று எல்லாமே எழுத்தில் இருந்தாக வேண்டும். அங்கே நல்ல கைத்திறன் உள்ள பலர் தொழிலை விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். படம் சரியில்லாமல் யாரும் போகவில்லை; பேசாமல் விட்ட விஷயங்கள்தான் தகராறாகி, பாக்கி வராமல், மனம் வெறுத்துப் போனார்கள்.

அதிலும் உரிமை பற்றிய பேச்சை யாரும் நினைப்பதே இல்லை. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். சிங்கப்பூரிலும் முன்பு அப்படித்தான். 21 நவம்பர் 2021 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபின், மாற்றி எழுதிக்கொள்ளாதவரை உரிமை படம் எடுத்தவருக்கு. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் மணப்பெண்ணின் படத்தை உங்கள் விளம்பரத்தில் போட்டுவிட்டு, சட்டம் என் பக்கம் என்று சொன்னால் அந்தக் குடும்பம் உங்களை மறுபடி வாசலில் சேர்க்காது. உரிமை யாருக்கு, எங்கெல்லாம் போடலாம் என்பதையும் ஒரு வரி எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கணக்கு ஏடுகளை ஐந்து ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் (செட்டியார்கள்) வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளில் உட்கார்ந்து பேரேடு எழுதியவர்களின் ஊர்க்காரருக்கு இதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை.

வருமானம் ஒரே சீராக வராது. ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. அதை ஒட்டியே சீனர்களின் ஏழாம் மாதம் வரும், அவர்களும் தவிர்ப்பார்கள். பிறகு மார்கழி. அந்த மாதங்களில் என்னைக் காப்பாற்றியவை அரங்கேற்றங்களும் குழந்தைகளின் முதல் பிறந்தநாள்களும்தான். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொரோனாவால் சிங்கப்பூரே அடைந்து கிடந்தபோது கல்யாணங்களெல்லாம் ரத்தாகின. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தது வலித்தது. ஆனால் அந்தக் குடும்பங்களில் சிலர் பிறகு தாமாகவே திரும்பி வந்தார்கள். வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் ஆறு மாதப் பணம் தனியாகச் சேரும்வரை சம்பள வேலையை விடாதீர்கள்.

இனி உங்கள் பலத்தைச் சொல்கிறேன், இதை நீங்களே குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று உங்கள் கேள்வியில் தெரிந்தது. நேற்று எடுத்த வீட்டில் பத்து மணி வெயில் முற்றத்தில் சுள்ளென்று இறங்கியிருந்தது. முற்றத்தைச் சுற்றிய பர்மா தேக்குத் தூண்களுக்குப் பின்னால் ஒரே இருட்டு. கண்டாங்கிச் சேலையில் ஓர் ஆச்சி இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்து மறுபடி இருட்டுக்குப் போனார். கேமராவில் வெளிச்சத்தை முகத்துக்கு அளந்தால் முற்றம் வெளுத்துப்போகும், முற்றத்துக்கு அளந்தால் முகம் கறுத்துப்போகும். தேய்த்துத் தேய்த்துப் பளபளத்த ஆத்தங்குடித் தரைக் கல்லில் பட்டு மேலெழும் வெளிச்சம் எங்கே முகத்தைத் தொடுகிறது என்று பார்த்து அங்கே காத்திருக்க வேண்டும். இதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. தாலி கட்டும், நம் பேச்சில் திருப்பூட்டும், நொடியில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். சிங்கப்பூர் நகரத்தார் குடும்பங்கள் சில, கல்யாணத்தைச் சொந்த ஊர் வீட்டில்தான் வைக்கின்றன. அங்கே பழகி, இங்கே வந்து எடுக்கத் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். 1859இல் கட்டிய டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலுக்குப் போய்வாருங்கள். விசிட்டிங் கார்டு நீட்டுவதற்காகப் போக வேண்டாம், மனிதர்களைத் தெரிந்துகொள்ளப் போங்கள்.

இரண்டு சின்ன விஷயம். ஊரில் லென்ஸை பீரோவில் வைத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்துவிடும். அடுத்த சம்பளத்தில் ட்ரை கேபினட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஒன்று வாங்கி, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். ட்ரோன் கொண்டுவந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். 250 கிராமுக்கு மேல் இருந்தால் பதிய வேண்டும், தொழிலுக்குப் பறக்கவிட விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். அதுவரை பெட்டியைப் பிரிக்காதீர்கள்.