பொறி வந்தால் போதுமா?

வணக்கம். ஃபோர்டு மாடல் டி காரின் இக்னிஷன் (பெட்ரோல் கலவையைப் பொறியால் பற்றவைக்கும் அமைப்பு) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். குறைந்த வோல்டேஜைப் பொறி தாவும் அளவுக்கு உயர்த்தும் காயில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு, அவற்றைச் சோதிக்கக் கையால் சுற்றும் தனி எந்திரம் என்கிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். காயிலை 6 வோல்ட் பேட்டரியில் கொடுத்துப் பார்க்கிறோம். அது ரீங்கரித்து, பொறியும் தாவிவிட்டால் நல்ல காயில்தானே? அதற்கு மேல் சோதிக்க என்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பொறி வருகிறதா என்பதைப் பேட்டரி சொல்லிவிடும். எப்போது வருகிறது என்று சொல்லாது. எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும்போது ஒரு மில்லிசெகண்டில் அதன் தண்டான கிராங்க் 9 டிகிரி திரும்பிவிடுகிறது. எந்தச் சிலிண்டரின் முறை என்று பார்த்துக் கரண்டைத் திருப்பிவிடும் டைமர், காயிலுக்குக் கரண்ட் கொடுத்தவுடனே பொறி வந்துவிடாது. நடுவில் உள்ள இரும்பில் காந்தம் ஏற வேண்டும், அது மேலே இருக்கும் தகட்டை இழுக்க வேண்டும், பாயிண்ட் (ஒட்டியிருந்து கரண்டைக் கடத்தும் இரண்டு உலோக முனைகள்) பிரிய வேண்டும். தகட்டின் விறைப்பு காயிலுக்குக் காயில் மாறினால் ஒரு சிலிண்டர் முந்தும், இன்னொன்று பிந்தும். பேட்டரியில் நான்கும் அருமையாகப் பாடும். வண்டியோ உதறும். பொறியைச் சிலிண்டர்களுக்கு முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வந்து எல்லா சிலிண்டருக்கும் ஒரே பாயிண்ட் என்று ஆனபிறகுதான் இந்தத் தலைவலி போனது.

கையால் சுற்றும் எந்திரத்துக்குள் இருப்பது காரின் ஃப்ளைவீல் மேக்னெட்டோவேதான், அதாவது எஞ்சினின் கனமான சக்கரத்தில் காந்தம் பொருத்தி மின்சாரம் எடுக்கும் அமைப்பு. வி வடிவக் காந்தங்கள் 16, எதிரே 16 சுருள்கள். அதனால் ஒரு சுற்றுக்கு 16 மின் துடிப்பு. சோதிக்கும் காயிலின் பொறி, கூடவே சுற்றும் முள்ளிலிருந்து வெளி வளையத்துக்குத் தாவும். சரியான காயில் என்றால் அம்மீட்டர் 1.3 ஆம்பியர் காட்டும், வளையத்தில் சம தூரத்தில் 16 இடங்களில் ஒவ்வொரு பொறி தெரியும். கோளாறு என்றால் சில இடத்தில் இரண்டு விழும், சில இடத்தில் விட்டுப்போகும். அம்மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது காட்டுவது சராசரியைத்தான். இரட்டைப் பொறி விடும் காயிலும் 1.3 காட்டலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மேல் பாயிண்டைத் தாங்கும் சின்ன குஷன் ஸ்பிரிங். காந்தம் இழுக்கும் அந்தத் தகடு, அதாவது கீழ்த் தகடு, இறங்கத் தொடங்கியதும் மேல் பாயிண்டும் ஒட்டியபடியே கொஞ்சம் இறங்கி வருகிறது. ஒரு ரிவெட் தடுக்கும் வரைதான். அந்த அசைவு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு இருந்தால் அதிகம். ஆனால் அதற்குள் கீழ்த் தகடு வேகம் பிடித்துவிடும், பாயிண்ட் வெடுக்கென்று பிரியும். அப்படிப் பிரிந்தால்தான் செகண்டரியில் (பொறி தரும் இரண்டாம் சுருளில்) வோல்டேஜ் எகிறும். இவ்வளவு மலிவான காருக்கு இவ்வளவு யோசித்து ஒரு ஸ்பிரிங் செய்திருக்கிறார்கள்! இரட்டைப் பொறி விழுந்தால் முதலில் இந்த அசைவைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், வெளிக்காற்றில் தாவும் பொறியை ரொம்ப நம்பாதீர்கள். சிலிண்டருக்குள் கலவை சுமார் நாலில் ஒரு பங்காக அமுங்கியிருக்கும். அதே இடைவெளியைத் தாண்ட அங்கே இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும்.

உங்கள் கையில் பழைய காயில் இருந்தால் எந்த ஸ்பிரிங்கையும் வளைப்பதற்கு முன் உள்ளே தாரில் புதைந்திருக்கும் காகிதக் கண்டன்சரை (பாயிண்ட் பிரியும்போது அங்கே பொறி பறக்காமல் காக்கும் மின்தேக்கியை) மாற்றிவிடுங்கள். நூறு வருடம் ஆன கண்டன்சர் பெரும்பாலும் கசியும். கசிந்தால் பாயிண்டில் நெருப்புப் பறந்து முனை கருகும், பிளக்கில் பொறி மெலிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு செய்யும் எந்த அட்ஜஸ்ட்மென்டும் நிற்காது.

அன்புடன்