மரத்தில் தொங்கவிடச் செய்த களிமண் நட்சத்திரம் ஏன் விரிசல் விடுகிறது?

கிறிஸ்துமஸ் மரத்துக்காகப் பிள்ளைகளோடு செய்த நட்சத்திரங்கள் வெயிலில் வைத்ததும் வெடித்துவிட்டன என்கிறீர்கள். வெயில்தான் வினை. நீர் வெளியேறும்போது களிமண் சுருங்கும். மேல்புறம் சட்டெனக் காய்ந்து சுருங்க, உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். அந்த இழுபறியில் பிளந்துவிடுகிறது.

சப்பாத்திக் கட்டையால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குச் சீராகத் தேய்த்து, நிழலில் செய்தித்தாள் மேல் இரண்டு மூன்று நாள் வையுங்கள். அவ்வப்போது திருப்பிப் போடுங்கள். நூல் கோக்கும் துளையை ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ராவால் குத்திவிட வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் என்றால் களிமண்ணுக்குப் பதிலாக நான் மைதா 2 பங்கு, உப்பு 1 பங்கு, தண்ணீர் ஏறக்குறைய 1 பங்கு பிசைந்துதான் கொடுப்பேன். ஆனால் டிசம்பர் மழை ஈரத்தில் அது நமுத்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் வார்னிஷ் பூசுங்கள். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் தொங்கட்டும், அவ்வளவு உப்பு அதற்கு நஞ்சு.